ஊறாத நீர்முள்ளி

“மேடம், உங்க ஜாதகத்துல தண்ணியில கண்டம் எதனா இருக்குதுங்களா?”

சத்யப்ரியா சப்-இன்ஸ்பெக்டராகப் பொறுப்பேற்ற அன்று ஏட்டு ராமப்பன் அவளிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். சல்யூட் அடித்த கையை முழுதாக இறக்குவதற்குள் கேட்டுவிட்டார். கேலி செய்கிறாரோ என்று அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். கேலி இல்லை.

“எதுக்கு ஏட்டையா?”

“நம்ம லிமிட்டுல வெண்ணம்பள்ளி ஏரி வருதுங்க. வருசத்துக்கு ஒரு ஆளைக் கேக்கும். அதான், முன்கூட்டியே கேட்டு வெச்சுக்கலாம்னு.”

“நான் பெரம்பலூர்க்காரி. எங்க ஊர்ல முங்கறதுக்கே தண்ணி கிடையாது.”

ராமப்பன் சிரிக்கவில்லை. ஏரி அந்த வருடத்துக்கான ஆளை மாசி மாதத்தில் எடுத்துக்கொண்டது.

காலை ஆறரை. சூளகிரியிலிருந்து வந்த ஜீப் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, கம்பெனிகளின் நீண்ட மதில்களுக்கு நடுவே ஓடி ஏரிக்கரையில் நின்றது. பனி இன்னும் விலகவில்லை. கால்வாய் ஏரிக்குள் விழும் இடத்தில் நுரை பொங்கிப் பொங்கி மேலேறி, காற்றில் பிய்ந்து, கரையோரப் புதர்களில் தொங்கிக்கொண்டிருந்தது. நனைந்த வெள்ளைச் சேலையை யாரோ இழுத்துக்கொண்டு போய், வழி நெடுகக் கிழிசலை விட்டுச் சென்றது போலிருந்தது. ஊர் முழுக்கக் கரைமேல் நின்றது. ஒருவரும் கீழே இறங்கவில்லை.

நீர்முள்ளிப் புதர்களுக்கிடையே குப்புறக் கிடந்த நாகம்மாவைப் பாதிக் கரைக்கு இழுத்துப் போட்டிருந்தது செல்லி. இடுப்பு வரை நனைந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்தாள். நாகம்மா அறுபதைத் தாண்டிய விதவை. ஏரியை ஒட்டிய நிலமெல்லாம் அவள் வீட்டுடையது. செல்லி அந்த நிலத்தில் காலமெல்லாம் வேலை செய்தவள்.

கரையில் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு நாகம்மாவின் மகன் ஹரீஷ்குமார் விம்மினான்.

“அம்மாவுக்குக் காலு வீங்கிப் போவும் மேடம். நீர்முள்ளி வெதையைத் தெனமும் குடிப்பாங்க. செல்லிதான் கொண்டாந்து குடுக்கும். முந்தாநேத்து பால் சொசைட்டிகிட்ட ரெண்டு பேருக்கும் பெரிய சண்டை. அதான் வீம்புக்குத் தானே பறிக்க வந்துட்டாங்க போல. இருட்டுல கால் வழுக்கி…”

சத்யப்ரியா சரிவில் இறங்கினாள். இரண்டடி வைப்பதற்குள் நீர்முள்ளி அவள் காலைப் பிடித்தது. ஒவ்வொரு கணுவிலும் இலைக்கு ஒன்றாக, சுற்றிலும் மஞ்சள் முட்கள். முட்களுக்கு நடுவே ஊதாப் பூ. வாடிய கணுக்களில் விதை. காலை விடுவிக்கக் குனிந்தவளின் புறங்கையில் மூன்று கோடு இரத்தம்.

நாகம்மாவின் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள். நீரில் ஊறிச் சுருங்கியிருந்தன. கீறல் ஒன்றும் இல்லை.

முந்தானை ஓரத்தில் ஒரு முடிச்சு. ராமப்பன் நீட்டிய தாளின் மேல் அதை அவிழ்த்தாள். தண்ணீர் சொட்டியது, ஒரு கைப்பிடி கரும்பழுப்பு விதை கொட்டியது. தாளைச் சாய்த்ததும் கடுகு போல ஒன்றையொன்று துரத்திக்கொண்டு மடிப்புக்குள் ஓடின.

“நீர்முள்ளி வெதைங்க,” என்றார் ராமப்பன். “பறிக்கத்தான் வந்திருக்குது பாவம்.”

சத்யப்ரியா குனிந்தாள். நாகம்மாவின் நரைத்த கூந்தலை ஒதுக்கினாள். பின்கழுத்தில் ஒரு பக்கம் நான்கு நீலத் தழும்புகள். மறுபக்கம் ஒன்று. யாருடைய கையோ அந்தத் தலையைத் தண்ணீருக்குள் பிடித்து வைத்திருந்தது.

கிருஷ்ணகிரியில் நடந்த பிரேதப் பரிசோதனையும் அதையே சொன்னது.

அன்று மதியம் ஸ்டேஷன். செல்லி பெஞ்சில் உட்கார மறுத்துத் தரையில் உட்கார்ந்தாள்.

“சண்டை போட்டீங்களா?”

“போட்டேன்.”

“‘அந்தத் தண்ணியிலயே கெடந்து சாவு’ன்னு சொன்னீங்களாம்.”

“சொன்னேன்.”

“எதுக்காகச் சண்டை?”

செல்லி நகத்தால் தரையைக் கீறினாள்.

“ஏ செல்லி, மேடம் கேக்கறாங்கல்ல? வாயில என்ன கொழுக்கட்டையா?” என்றார் ராமப்பன்.

செல்லி அவரை ஏறிட்டுப் பார்த்தாள். “உனுக்குப் போன ஆடியில காலு வீங்கினப்போ எவ வாயைத் தேடிக்கினு வந்தே, ராமப்பண்ணா?”

ராமப்பன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சத்யப்ரியா வேறு வழியாக வந்தாள். “நீர்முள்ளி அவ்வளவு கேக்குமா?”

அதைப் பற்றிக் கேட்டதும் செல்லிக்குக் குரல் வந்தது. கொழுந்தைக் கீரையாகக் கடைவார்கள். நீர் பிரியாமல் உடம்பு ஊதிப்போனால் வேரோடு பிடுங்கிக் கஷாயம் வைப்பார்கள். காயவைத்து எரித்த சாம்பலைத் தண்ணீரில் கரைத்துத் தெளிய வைத்துக் கொடுப்பவர்களும் உண்டு. விதையென்றால் இரவில் ஊறவைத்து விடிந்ததும் குடிப்பது.

“கையால பறிப்பீங்களா?”

“கையாலயா?” செல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “கை என்னத்துக்கு ஆவும்? அறுவாள்ல அறுத்து, கவைக்கோல்ல இழுத்துப் போட்டு, பாறையில காயவெச்சுத் தட்டினா வெதை உதிரும். பெரியம்மா ஒரு நாளும் பறிச்சதில்ல.”

“இந்த ஏரியில எப்பவும் அறுப்பீங்களா?”

“இங்க அறுக்கறதை வுட்டுப் போட்டேன். வேரெல்லாம் கறுத்துப்போச்சு. வேப்பனப்பள்ளிப் பக்கம் ஒரு குட்டை இருக்குது, அங்க பஸ்ஸேறிப் போயிக் கொண்டாறேன்.”

“அப்புறம் விடியக்காலையில இந்த ஏரிக்கு எதுக்கு வந்தீங்க?”

செல்லியின் முகம் கதவு சாத்தினாற்போல மூடிக்கொண்டது.

இன்ஸ்பெக்டர் போனில் கூப்பிட்டார். “ஊரே அவளைத்தான் சொல்லுது. சாவுன்னு வாயாலயே சொல்லியிருக்கா. நாளான்னிக்கு மத்தியானம் மூணு மணிக்கு மாஜிஸ்திரேட் முன்னால நிறுத்திடணும். அதுக்குள்ள வேற யாராச்சும் இருந்தா காட்டு. இல்லைன்னா முடிச்சு விடும்மா.”

செல்லி எழுந்தபோது அவளுடைய சேலை ஓரம் சத்யப்ரியாவின் கண்ணில் பட்டது. காலையில் நனைந்தது இப்போது காய்ந்து மொடமொடத்திருந்தது, அதில் கரும்புள்ளிகள். நீர்முள்ளி விதைகள். ஒன்றைச் சுண்டிப் பார்த்தாள். அசையவில்லை. நகத்தால் சுரண்டியும் நூலோடுதான் வந்தது.

“தண்ணி பட்டா கொழகொழன்னு ஊறிக்கும்,” என்றாள் செல்லி. “காஞ்சா பசை. துணியைத்தான் வெட்டணும்.”

அவளைச் சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, காலையில் வரச்சொன்னார்கள். அவள் போனதும் சத்யப்ரியா நாகம்மாவின் முடிச்சிலிருந்து எடுத்த விதைகளைப் பிரித்தாள். காகிதத்தில் கலகலவென்று உருண்டன. ஒன்றோடொன்று ஒட்டவில்லை.

இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்தாள். செல்லியின் சேலையில் சுரண்டிய விதையை ஒன்றில் போட்டாள். சற்று நேரத்தில் அதைச் சுற்றி வெள்ளையாக ஒரு கூழ்ப்படலம் கண் திறப்பது போல விரிந்தது. நாகம்மாவின் முடிச்சு விதையை மற்றதில் போட்டாள். அது அடியில் போய்ச் சரளைக்கல் போலக் கிடந்தது. டீ வந்து, குடித்து, டம்ளர் திரும்பிப் போகும் வரையிலும் அப்படியேதான் கிடந்தது.

“ஏட்டையா, ரெண்டும் ஒரே விதைதானே?”

ராமப்பன் குனிந்து பார்த்தார். பார்த்தவர் இரண்டடி பின்னால் போனார்.

“ஒண்ணேதாங்க. ஆனா இது செத்தவ மடியில இருந்தது.” அவர் குரல் தாழ்ந்தது. “தண்ணியே உசுரை எடுத்திருக்குது. அப்புறம் அந்தத் தண்ணியை அது எப்படிங்க குடிக்கும்?”

அபத்தம் என்று சொல்ல வாயெடுத்தாள். ஜன்னலுக்கு வெளியே ஷிப்ட் மாறும் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போயின. ஒவ்வொரு விளக்கொளியும் டம்ளரைக் கடக்கும்போது, அடியில் கிடந்த விதை ஒரு கணம் கண் போல அவளைப் பார்த்தது.

மறுநாள் காலை பத்து மணி. நாகம்மாவின் வீடு.

வாசலில் இரண்டு டேங்கர் லாரிகள் நின்றன. கம்பெனிகளுக்குத் தண்ணீர் சப்ளை என்று ஹரீஷ்குமார் சொன்னான். செல்லியின் மகன் ராஜசேகர் அவற்றில் ஒன்றின் டிரைவர். சக்கரத்தைக் கழுவிக்கொண்டிருந்தவன் போலீசைக் கண்டும் தலை நிமிரவில்லை. டேங்கரின் பின் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டிய இடத்தில் மண் வெளுத்துப் பொருக்குத் தட்டியிருந்தது. சுற்றுவட்டம் ஒரு புல் இல்லை.

“சம்பவத்தன்னைக்கு ராத்திரி எங்க இருந்தீங்க, ஹரீஷ்?”

“வீட்லதான் மேடம். பொழுது போயி ரொம்ப நேரம் கழிச்சு வந்தேன். சாப்பிட்டேன். படுத்தேன்.”

“அம்மா எழுந்து போனது தெரியாதா?”

“தெரிஞ்சா விடுவேனா?” அவன் கண் கலங்கியது.

“செல்லி மேல சந்தேகமா?”

“எங்க சோத்தைத் தின்னவ மேடம். நான் எப்படிச் சொல்றது? ஊரு சொல்லுது.”

உள்ளே அவன் மனைவி சுஜாதா. அழுது வீங்கிய முகம்.

“அத்தைக்கு விதை ஊறவைக்கிறது யாரு?”

“நான்தான் மேடம். கல்யாணமாகி வந்ததுலேர்ந்து நான்தான். ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி டம்ளர்ல போட்டுடுவேன். காலையில ஜவ்வரிசி மாதிரி ஆயிரும். ஆனா இப்ப கொஞ்ச நாளா அந்தக் கொழகொழப்பு தொண்டையில எறங்கலைன்னு…”

“சுஜா!” வாசலிலிருந்து ஹரீஷ்குமார் கூப்பிட்டான். “பந்தல்காரன் வந்துட்டான் பாரு. எத்தனை சேருன்னு சொல்லு.”

சுஜாதா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

சத்யப்ரியா பின்கட்டுக்குப் போனாள். சமையலறையின் பின்வாசலில் ஒரு சப்பைக்கல். கல்லின் மேல் ஒரு பழைய முறம்.

“செல்லி கொண்டாந்தா இதுல கொட்டிட்டுப் போவும்,” என்றாள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு சரசம்மா. “நாங்க எடுத்துக்குவோம்.”

“உள்ள வர மாட்டாங்களா?”

சரசம்மா அவளை விசித்திரமாகப் பார்த்தாள். “அது எப்படிம்மா வரும்?”

மூன்றாம் நாள். பால் சடங்கு.

செல்லி காலையிலேயே ஸ்டேஷனுக்கு வந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். கோர்ட்டுக்கான காகிதங்கள் மேஜைமேல் தயாராக இருந்தன. சத்யப்ரியா அவற்றில் கையெழுத்துப் போடாமல் ஜீப்பை எடுக்கச் சொன்னாள்.

சுடுகாட்டில் பால் தெளித்துவிட்டு ஆண்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வீட்டின் நடு அறையில், நாகம்மாவின் தலை இருந்த இடத்தில் விளக்கு எரிந்தது. வாழையிலையில் அவளுக்குப் பிடித்ததெல்லாம் வைத்திருந்தார்கள்: ராகிக் களி, அவரைக்கொட்டைச் சாறு, வெற்றிலை பாக்கு. மாலூரிலிருந்து வந்திருந்த மூத்த மகள் அனிதா, “அம்மா ஒரு நாளும் இதைக் குடிக்காம இருந்ததில்ல” என்று, சமையலறை அலமாரியிலிருந்த பழைய ஊறுகாய் பாட்டிலைத் திறந்து, பித்தளை டம்ளர் தண்ணீரில் நீர்முள்ளி விதையை விடியும் முன்பே போட்டு வைத்திருந்தாள்.

கற்பூரம் காட்டினார்கள். அனிதா டம்ளரை எடுத்து இலையோரம் வைக்கப் போனாள். எடுத்தவள் உள்ளே பார்த்தாள்.

தண்ணீர் தெளிவாக இருந்தது. விதை அடியில் மணலாகக் கிடந்தது.

“அய்யோ! அம்மா குடிக்கல!”

டம்ளரை எல்லோர் முன்னாலும் நீட்டினாள். கூடியிருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்; பார்த்த வேகத்தில் சுவரோடு ஒட்டினார்கள். “அய்யோ தேவரே” என்று கன்னடத்தில் ஒரு குரல் எழுந்தது. “மனசு ஆறல அவளுக்கு,” என்றாள் சரசம்மா. “யாரோ செஞ்ச பாவம், ஊற மாட்டேங்குது.” விளக்கின் சுடர் ஒருமுறை படுத்து எழுந்தது. வாசலில் நின்ற ராமப்பன் நெற்றியில் கைவைத்துக்கொண்டார். சத்யப்ரியாவும் ஓரடி பின்வாங்கத்தான் செய்தாள்.

சமையலறையிலிருந்து சுஜாதா ஈரக் கையோடு ஓடி வந்தாள்.

“அண்ணி, அழுவாதீங்க அண்ணி. அது வறுத்த வெதை.”

“என்னாது?”

“வறுத்தது அண்ணி. வறுத்தா மேல இருக்கற பசை கருகிடும், ஊறாது. தொண்டையில எறங்கலை, பொடி பண்ணிக் கஞ்சியில போட்டுக் குடுன்னு அத்தைதான் கேட்டாங்க. பொடி பண்றதுக்குள்ளதான்…” மேலே சொல்ல முடியாமல் அழுதாள்.

அறை முழுக்க மூச்சு விட்டது. சத்யப்ரியா மட்டும் மூச்சை இழுத்துப் பிடித்தாள்.

“சுஜாதா. எப்ப வறுத்தீங்க?”

“அத்தை போறதுக்கு முந்தின நாள் சாயங்காலம் மேடம். வெளக்கு வெக்கற நேரம்.”

“வீட்ல பச்சை விதை வேற இருந்துச்சா?”

“இல்ல. செல்லி கடைசியா கொண்டாந்தது மொத்தமும் வறுத்துட்டேன். ஆற வெச்சு அதே பாட்டில்ல கொட்டினேன்.”

“வறுத்தது யாருக்கெல்லாம் தெரியும்?”

“எனக்கும் அத்தைக்கும்தான்.”

“உங்க வீட்டுக்காரருக்கு?”

“அவர் எங்க சமையக்கட்டுப் பக்கம் வரப்போறார்…” சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். முகம் மெல்ல மாறியது. “ஆனா அன்னிக்குக் காலையில பாட்டில் மூடி தொறந்து கெடந்துச்சு. பூனை தட்டிடுச்சுன்னு நெனச்சேன்.”

அறை வாசலில் ஹரீஷ்குமார் நின்றிருந்தான். சுடுகாட்டு மண் ஒட்டிய காலோடு, ஈர வேட்டியோடு. எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று யாருக்கும் தெரியாது.

“கொஞ்சம் உக்காருங்க, ஹரீஷ்,” என்றாள் சத்யப்ரியா. ராமப்பன் சத்தமில்லாமல் போய் வாசற்கதவோரம் நின்றார்.

“உங்க அம்மா மடியில ஒரு கைப்பிடி விதை இருந்துச்சு. ஏரித்தண்ணியில கிடந்த சேலை. உண்மையிலேயே செடியிலேர்ந்து எடுத்த விதையா இருந்தா அந்த முடிச்சு முழுக்கக் கூழா இருந்திருக்கணும். நான் அவிழ்த்தப்ப கடுகு மாதிரி உருண்டுச்சு. எனக்கு ரெண்டு நாளா அது விளங்கல. இப்ப விளங்குது. அது ஏரியில பறிச்சதில்ல. இந்த வீட்டுச் சமையலறை விதை.”

“அம்மாவே எடுத்து முடிஞ்சுட்டுப் போயிருப்பாங்க.”

“விதை பறிக்கப் போறவங்க வீட்டு விதையை எதுக்கு முடிஞ்சுட்டுப் போறாங்க? அதுவும் பொடி பண்ண வறுத்து வெச்ச விதையை? அவங்க கையில ஒரு முள்ளுக் கீறல் இல்ல. அவங்க பறிக்கவே வரல. பறிக்க வந்தாங்கன்னு நாங்க நினைக்கணும். அதுக்காக யாரோ வெச்சாங்க.”

“செல்லி வெச்சிருப்பா!”

“செல்லி உங்க பின்வாசல் கல்லைத் தாண்டினதே இல்ல. அவளுக்கு இந்த பாட்டில் எங்க இருக்குன்னே தெரியாது. அப்புறம், அவ வைக்கணும்னா கைக்கெட்டின தூரத்துல புதரெல்லாம் பச்சை விதை. சுஜாதா வெச்சிருந்தா வறுத்ததை வைக்க மாட்டாங்க. ஊறாதுன்னு அவங்களுக்குத் தெரியும். அந்த விதையை எடுத்தது இந்த வீட்டுக்குள்ள தாராளமா நடமாடற ஆள். பாட்டிலைத் தெரியும், பாட்டிலுக்குள்ள அன்னிக்குச் சாயங்காலம் என்ன மாறிச்சுன்னு தெரியாது.”

அனிதா தம்பியைப் பார்த்தாள். “டேய்… இல்லைன்னு சொல்லுடா.”

அவன் சொல்லவில்லை. “நான் எதுக்கு எங்கம்மாவை…” என்று மட்டும் முனகினான்.

சத்யப்ரியா முற்றத்துக்குப் போனாள். ராஜசேகர் லாரியின் பின்சக்கரத்தில் சாய்ந்து நின்றிருந்தான். உள்ளே பேசியதெல்லாம் அவன் காதில் விழுந்திருந்தது.

“ராஜசேகர், தண்ணி சொட்டற எடத்துல புல்லு முளைக்கும். உன் வண்டி சொட்டற எடத்துல புல்லு கருகுது. கம்பெனிக்குத் தண்ணி கொண்டுபோறது சரி, திரும்பி வரும்போது எதை ஏத்திட்டு வர்றீங்க? எங்க கொட்டறீங்க?”

அவன் கீழே பார்த்தான்.

“உங்க அம்மா ஸ்டேஷன்ல இருக்காங்க. மூணு மணிக்குக் கோர்ட்டு. அந்த ஏரியில அறுக்கறதையே விட்டவங்க விடியக்காலையில அங்க எதுக்கு ஓடினாங்க? கேட்டா வாயைத் திறக்கல. ஜெயிலுக்குப் போனாலும் திறக்க மாட்டாங்க. ஏன்னு உனக்குத் தெரியும்.”

இருபத்தைந்து வயது ஆண்பிள்ளை. உதடு கோணிக்கொண்டு அழுதான்.

அவன் சொன்னது இது. கால்வாய் வாயில்தான் கொட்டுவார்கள். அன்று இரவு ஹரீஷ்குமாரும் பைக்கில் வந்து பக்கத்தில் நிற்க, லாரியைப் பின்னால் எடுத்துக் குழாயைத் திறந்தபோது கரைமேல் டார்ச் வெளிச்சம் தெரிந்தது. நாகம்மா வீங்கிய காலை இழுத்து இழுத்து இறங்கி வந்தாள். முந்தைய நாள் பால் சொசைட்டி வாசலில் செல்லி அவளிடம், “உம் மவன் வண்டிதான் பெரியம்மா ஏரியில வெசத்தைக் கொட்டுது, எம் மவன்தான் ஓட்டறான்” என்று காதோரம் சொல்லியிருக்கிறாள். பிள்ளையைச் சொன்னதும் நாகம்மாவுக்கு ஆத்திரம், அதிலிருந்துதான் சண்டை. செல்லியை அப்படித் திட்டிய நாகம்மாதான், அவள் சொன்னது பொய்யென்று நிரூபிக்கக் கண்ணால் பார்க்க வந்தாள்.

“நீ வண்டியை எடுத்துட்டுக் கெளம்புடான்னாரு. கெளம்பிட்டேன் மேடம். கண்ணாடியில பாத்தேன். பெரியம்மா அவரு சட்டையைப் புடிச்சுக்கினு நின்னாங்க. ‘திங்கக்கெழமை கலெக்டராபீஸ்ல மனுக் குடுப்பேன், நீ நான் பெத்த புள்ளையா இருந்தாலும் குடுப்பேன்’னு கத்தினாங்க. அதுக்கப்புறம் நுரையில ஒண்ணும் தெரியல. வீட்டுக்குப் போயி எங்கம்மாகிட்ட சொன்னேன். அது விடிஞ்சும் விடியாம ஓடுச்சு.”

சத்யப்ரியா திரும்பினாள். ஹரீஷ்குமார் விளக்குக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தான். அவன் கண் அந்தப் பித்தளை டம்ளரிலேயே இருந்தது.

“சட்டையை விடலை மேடம்,” என்றான் யாரையும் பார்க்காமல். “விடும்மா விடும்மான்னேன். விடலை. அமுக்கினேன். கொஞ்ச நேரந்தான். கை தானா விட்டுச்சு.” உள்ளங்கையை வேட்டியில் துடைத்தான். “அப்பதான் நெனச்சேன், இந்த நேரத்துல கால்வாய்க்கு எதுக்கு வந்தாங்கன்னு கேப்பாங்களேன்னு. பைக்ல வீட்டுக்கு வந்தேன். எல்லாரும் தூங்கினாங்க. நான் சின்னப் புள்ளையிலேர்ந்து அந்த பாட்டில் அங்கதான் இருக்கும்.”

சுஜாதா சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே சரிந்தாள். யாரும் அவளைத் தொடவில்லை. படையலிலிருந்த களியில் ஈ மொய்த்தது.

மணி இரண்டே கால். இன்ஸ்பெக்டருக்குப் போன் போனது. ஸ்டேஷனுக்குத் திரும்பியதும் மேஜைமேலிருந்த காகிதங்களை சத்யப்ரியா நடுவில் கிழித்தாள்.

ஹரீஷ்குமாரை ஒரு ஜீப்பிலும் ராஜசேகரை இன்னொரு ஜீப்பிலும் கொண்டுவந்தார்கள். ஏரியில் கழிவு கொட்டியதற்கும், கண்டதை மறைத்ததற்கும் ராஜசேகர் மேல் வழக்கு. அவனை லாக்கப்பில் விட்டுக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டபோதுதான் செல்லி தரையிலிருந்து எழுந்தாள்.

“நீங்க வீட்டுக்குப் போகலாம்மா,” என்றாள் சத்யப்ரியா. “உங்க மேல ஒண்ணும் இல்ல. எல்லாம் முடிஞ்சுது.”

செல்லி கம்பிகளைப் பார்த்தாள். உள்ளே ராஜசேகர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மூன்று நாளாக எதைச் சொல்லாமல் இருக்க அந்தத் தரையில் உட்கார்ந்தாளோ, அது அவளைக் கேட்காமலேயே வெளியே வந்துவிட்டது.

“கொலையில அவனுக்குச் சம்பந்தம் இல்லைன்னு நானே எழுதியிருக்கேன். அவன்தான் முக்கிய சாட்சி. ஜாமீன் கிடைச்சுடும்.” தன் குரல் தேவைக்கு அதிகமாக வேகமெடுப்பது சத்யப்ரியாவுக்கே கேட்டது. “அவன் சொல்லலைன்னா உங்களைத்தான் கூட்டிட்டுப் போயிருப்பாங்க. புரியுதா? உங்களுக்காகத்தான் அவன்…”

செல்லி அவளை ஒரு கணம் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் சத்யப்ரியா தாங்கியிருப்பாள்.

“செல்லி, இரு. ஆட்டோ சொல்றேன்,” என்று ராமப்பன் பின்னாலேயே படியிறங்கினார். “தண்ணியாச்சும் குடிச்சுட்டுப் போ.”

அவள் நிற்கவில்லை. முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, வரிசையாக வந்த கம்பெனி பஸ்களுக்கு ஓரமாக நடந்து போனாள்.